காப்பார் படகில் இருந்த எக்ஸோஸ்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தபோது என்னிடம் பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் எக்ஸோஸ் என்கிற புகைக்குழாய். இடதுபக்கத்தில் இருந்தது அசல். நுனி மீன்வால்போல் தட்டையாக இருக்கும். வலதுபக்கத்தில் யாரோ ஜப்பான் வண்டியின் குழாயை மாட்டிவிட்டிருந்தார்கள். ஓட்டும்போது ஒரு காதில் ஒரு சத்தம், மறு காதில் வேறு சத்தம்.

பழைய வண்டிக்காரர்கள் சில ஞாயிறுகளில் கூட்டமாகப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவார்கள். நான் முதல்முறை போனபோது ஒருவர், "என்ன பாஸ், ஒரு கால்ல பூட்ஸு, ஒரு கால்ல சிலிப்பரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜோடி சேராமல் இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அதன்பின் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வேலை விட்டதும் கிள்ளான், ஷா ஆலம் என்று பழைய இரும்புக் கடைகளாக அலைந்தேன். எதிரே மோட்டார் சைக்கிளில் தெரிந்தவர் வந்தால்கூட முகத்தைப் பார்க்காமல் குழாயைத்தான் பார்ப்பேன்.

கடைசியில் மீன் வாங்கப் போன இடத்தில், காப்பாரில், அது கண்ணில் பட்டது. ஆற்றோரம் கட்டியிருந்த சிறு படகு ஒன்றில், டீசல் இஞ்சினுக்குப் புகைக்குழாயாக நின்றது. உப்புக் காற்றில் துருவேறியிருந்தாலும் நுனி அதே மீன்வால். படகுக்காரர் தோட்ட வேலையை விட்டுவிட்டு நண்டு பிடிக்கிறவர்.

"அண்ணே, இது பைக்கோட எக்ஸோஸ். ரொம்ப நாளா தேடுறேன்" என்றேன்.

"ஒனக்குக் குடுத்துட்டா என் இஞ்சின் எது வழியா பொக விடும்? என் மூக்கு வழியாவா?"

அதே அளவில் வேறொன்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்.

இரும்புக் கடையில் ஒன்றை வாங்கினேன். உள்ளே எண்ணெய்க் கரி அடைத்திருந்தது. விறகு நெருப்பில் சிவக்கப் போட்டு, ஆறியதும் மரச்சுத்தியலால் தட்டத் தட்டக் கரி பொருக்குப் பொருக்காகக் கொட்டியது. காஸ்டிக் சோடா தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். துரு தின்ற இடங்களில் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். மறுநாள் போர்ட்டிக்சன் பயணம் என்ற நிலையில், சனிக்கிழமை அதைக் காப்பாருக்கு எடுத்துப் போனேன்.

படகுக்காரர் மாட்டிப் பார்த்துவிட்டு, "நான் சரின்னா போதாது லா. வீட்டுக்காரி காதுக்குச் சரியா இருக்கணும்" என்றார். முன்பு ஒருமுறை இஞ்சின் நின்று, விடியும்வரை அவர் கடலிலேயே கிடந்தாராம். அதிலிருந்து அந்த அக்கா, படகு கண்ணுக்குத் தெரியும் முன்பே சத்தத்தை வைத்து ஆள் வருகிறாரா என்று பார்ப்பாராம்.

அவர் படகை எடுத்துக்கொண்டு ஆற்று வளைவைத் தாண்டிப் போனார். நானும் அக்காவும் படகுத்துறையில் இருந்தோம். அக்கா கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், வருகிற படகுகளின் சத்தத்தை வைத்தே, "இது மலாய்க்காரப் பாச்சிக் போட்டு. இது சீனத் தவுக்கே மொதலாளி போட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. நான் செய்த குழாய்தான். எனக்குத் தெரிந்தது.

"வேற யாரோ வராங்க" என்றார் அக்கா.

வளைவில் அவர் கணவர் கையை ஆட்டினார். அக்கா வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"தம்பி, நல்லாத்தான் செஞ்சிருக்கே. சத்தமே இல்ல."

"ஆமாக்கா, உள்ளுக்குள்ள சுத்தமா…"

"அதான் வேணாங்கிறேன்."

படகுக்காரர், "ஒரு மாசத்துல பழகிடும்டி" என்றார்.

"அந்த ஒரு மாசம் நீ இங்க குந்திக்கிட்டு இரு. நான் கடலுக்குப் போறேன்."

அவர் சிரித்துவிட்டார். நானே ஸ்பானரை எடுத்துப் பழையதைத் திரும்ப மாட்டினேன். கடைசி நட்டை இறுக்கும்போது அந்த மீன்வாலை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தேன். அக்கா வற்புறுத்தி ஒரு பை நண்டு கொடுத்தார்.

மறுநாள் நான் போர்ட்டிக்சனுக்குப் போகவில்லை. செந்தூலில் ஒரு பழைய இரும்புக் கடையை ஞாயிற்றுக்கிழமையும் திறப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பூட்டியிருந்தது.