துணி காயப்போடும் கம்பி

எங்கப்பா என்னைப் பத்துப் பேரு பாக்க ஹெல்மெட்டால அடிச்சாரு. அதுக்குக் கொஞ்சம் முன்னால நான் ஒருத்தன் காலை ஒடச்சிருந்தேன். ஊருல இந்த ரெண்டையும் சேத்துத்தான் கதை சொல்றாங்க: மோட்டர் பைக்கு ஓட்டுற திமிரு புடிச்ச பொண்ணாம், அடிச்சுத் திருத்துன அப்பாவாம். திருத்திக் கிழிச்சாரு. கேக்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அன்னிக்கு உள்ளுக்குள்ள நடந்தது என்னன்னு எங்க வீட்டுல மூணு பேருக்குத்தான் தெரியும்.

பெம்பானுக்கு உள்ளார இருந்துச்சு எங்க தோட்டம். தொண்ணூறுகள்ல ரப்பரையெல்லாம் வெட்டித் தள்ளிட்டாங்க, எங்க பாத்தாலும் எண்ணெய் எடுக்கற செம்பனைதான். தார் ரோட்டுலேர்ந்து பிரியற செம்மண் பாதை ஒண்ணு மேட்டுல ஏறி, கால்வாய் ஓரமா எறங்கி, ஒரு திருப்பம் திரும்பி, எங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னால வந்து முடியும். கேட்டு கெடையாது, யாரு வேணாலும் வரலாம். ஞாயித்துக்கெழமை ஆனா டவுன் பசங்க மேடு பள்ளத்துல ஓட்டுற ஸ்க்ரேம்பளர் மோட்டருங்கள லோரியில ஏத்திக்கிட்டு வந்து எறக்குவானுங்க. ஒருத்தன்கிட்ட நாலு சக்கரத்துல ஓடற ஏ.டி.வி. கூட இருந்துச்சு. தமிழன், சீனன், மலாய்க்காரன் எல்லாம் கலந்த கும்பல். எப்பவும் முன்னால போறவன் டுரியான் துங்கால் ஊருப் பக்கத்துச் சிலோன்காரர் வீட்டுப் பையன், மஞ்ச ஹெல்மெட். மேட்டுலேர்ந்து மோட்டரோட பறந்து விழுவான். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பொறாமையில வயிறு எரியும்.

ஏன்னா நானும் ஓட்டுவேன். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம். எழுதிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டுல சும்மா கெடந்த நேரம் அது. அப்பா மத்தியானம் தூங்கறப்ப அவரோட கப்சாயை, பழைய சின்ன மோட்டரு, சத்தமில்லாம தள்ளிக்கிட்டுப் போயி அதே பாதையில வெரட்டுவேன். எந்தப் பள்ளத்துல சக்கரம் வழுக்கும், எங்க மட்ட முள்ளு நீட்டிக்கிட்டிருக்கும், எல்லாம் அத்துப்படி. விழுந்து முட்டி பேந்து வந்தா, வாசப்படியில தடுக்கிட்டேன்னு அம்மாகிட்ட அளப்பேன்.

அந்தத் திருப்பத்துலதான் ஒரு ஞாயித்துக்கெழம எங்கம்மாவ அடிச்சுப் போட்டானுங்க. அம்மா செம்பனை உதிரிப் பழம் பொறுக்கி, மூட்டையா கட்டி, சைக்கிள்ல வச்சுத் தள்ளிக்கிட்டு வந்திருக்காங்க. மேட்டுலேர்ந்து வெரட்டிக்கிட்டு வந்தவன் திருப்பத்துல அவங்க மேலயே ஏறிட்டான். அம்மா போயி கால்வாய்க்குள்ள விழுந்தாங்க. காறை எலும்பு ரெண்டா போச்சு. ஒருத்தனும் நிக்கல. ஒருத்தன் மட்டும் திரும்பிப் பாத்துட்டு முறுக்கிக்கிட்டுப் போனான்னு அம்மா சொன்னாங்க. எவன்னு கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியல.

அப்பா தோட்டத்து மானேஜரப் போயி பாத்தாரு. பொதுப் பாதை, அடைக்க முடியாதுன்னுட்டாங்க. போலீசுல ரிப்போட் குடுக்கப் போனா மோட்டர் நம்பரு கேட்டாங்க. ஸ்க்ரேம்பளருக்கு ஏது நம்பரு? அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு. எங்கப்பா கத்துனா நாங்க பயப்பட மாட்டோம். கத்தி முடிச்சுட்டுக் குடிக்கத் தண்ணி கேப்பாரு, அவ்ளோதான். அந்த வாரம் பூரா மனுசன் கத்தவே இல்ல. சோறு போட்டா சாப்புட்டாரு, போடாட்டி கேக்கல. எனக்கு அதான் பயமா இருந்துச்சு.

அடுத்த ஞாயிறு காலையில துணியத் தொவச்சு அலசி, வாளியில எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பின்னால போனேன். ரெண்டு கட்டையும் நிக்குது, நடுவுல கம்பியக் காணோம். கம்பளிய நனைச்சுப் போட்டாலும் தொய்யாத கம்பி அது. பழைய இரும்புக்காரன் எவனோ தூக்கிட்டான்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி ஏச ஆரம்பிச்சேன். அம்மா கையக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு வந்து பாத்தாங்க. அப்பாவோட குறடு இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க. இல்ல. அப்பாவும் இல்ல. அம்மா மொகம் செத்துப் போச்சு. தார் ரோட்டுப் பக்கம் மோட்டருங்க சத்தம் கேக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

"அந்தத் திருப்பத்துலதான் கட்டியிருப்பாரு. கழுத்த அறுத்துரும்டீ. மோட்டர எடு"ன்னாங்க.

எனக்கு ஓட்டத் தெரியும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்க நேரமில்ல.

கப்சாயை ஒதச்சுக் கெளப்பிப் பின்பக்கப் பாதையில வெரட்டுனேன். திருப்பத்துல அது இருந்துச்சு. ரெண்டு செம்பனைக்கு நடுவுல, என் கழுத்து ஒசரத்துக்கு, விறைப்பா. தேடிக்கிட்டுப் போனதால கண்ணுல பட்டுச்சு, இல்லாட்டி அந்த நெழல்ல சத்தியமா தெரிஞ்சிருக்காது. எறங்கி முடிச்ச அவுக்கப் பாத்தேன். குறடு போட்டு முறுக்கி வச்சிருக்காரு மனுசன், என் நகம் பிஞ்சுச்சே தவிர கம்பி அசையல. அப்பான்னு கத்துனேன். பக்கத்துல எங்கயோதான் ஒளிஞ்சிருந்தாரு, பதிலே சொல்லல. மேட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டருங்க உறுமுது. வேற வழி தெரியல. குனிஞ்சு, கம்பிக்கு அடியில மோட்டரத் தள்ளிட்டுப் போயி, ஏறி உக்காந்து, அவனுங்க வர்ற பக்கமே போனேன்.

கையத் தூக்கிக் காட்டுனா நிப்பானுங்கன்னுதான் நெனச்சேன். மேட்டுக்கு மேல மஞ்ச ஹெல்மெட் தெரிஞ்சப்ப அவன் மோட்டர் தரையிலயே இல்ல. ஒதுங்க எனக்கு எடம் இருந்துச்சு. ஒதுங்குனா அவன் தாண்டிப் போயிருவான், அடுத்த மூச்சுல திருப்பம். நான் ஒதுங்கல. கப்சாயைப் பாதைக்குக் குறுக்கால திருப்பிட்டேன். இடிச்ச சத்தம் காதுல விழறதுக்குள்ள நான் கால்வாய்க் கரையில கெடந்தேன், வாயெல்லாம் ரத்தமும் செம்மண்ணும். எந்திரிச்சுப் பாத்தா அவன் மோட்டருக்கு அடியில கெடந்தான். முட்டிக்குக் கீழ கால் வேற பக்கம் பாத்துச்சு, சட்டையில ரத்தம், கிழிஞ்ச காச்சட்டைக்குள்ள எலும்பு வெள்ளையா தெரிஞ்சுச்சு. அவன் அலறுன அலறல்ல எனக்கு அங்கயே வாந்தி வந்துருச்சு.

பின்னால வந்தவனுங்க நின்னுட்டானுங்க. அதுக்குத்தானே வந்தேன். ஒருத்தன் என் முடியப் புடிச்சுத் தூக்கி அறைஞ்சான். இன்னொருத்தன் பூட்ஸ் காலால விலாவுலயே ஒதச்சான். பைத்தியமா நீ, சாவணுமான்னு மூணு பாஷையிலயும் கேட்டானுங்க. என்னத்தச் சொல்றது? அந்தப் பக்கம் கம்பி கட்டியிருக்குன்னு சொன்னா அவனுங்க பொழைப்பானுங்க, எங்கப்பா உள்ள போவாரு. வாய மூடிக்கிட்டு ஒத வாங்குனேன். அந்த நேரம் பாத்து ஏ.டி.வி.காரன், தோட்டத்துல யாருகிட்டயாவது கார் இருக்கும் லா, போயி கூட்டியாறேன்னு சொல்லிட்டு வண்டியத் திருப்பத்துப் பக்கம் கெளப்பிட்டான். எனக்கு உசிரே போச்சு.

அப்பத்தான் செம்பனைக்குள்ளேர்ந்து அப்பா வெளியில வந்தாரு. என்னைப் பாத்தாரு, அவன் காலைப் பாத்தாரு, ஏ.டி.வி.யப் பாத்தாரு. கால் ஒடஞ்சவன் தலையிலேர்ந்து யாரோ கழட்டி வச்சிருந்த மஞ்ச ஹெல்மெட்ட எடுத்தாரு.

"பொட்டக் கழுதைக்கு மோட்டர் கேக்குதா"ன்னு மொத அடி காது மேல. காது கொய்ங்னு போச்சு. அடுத்தது முதுகுல, அதுக்கு அடுத்தது எங்கன்னு தெரியல. கீழ விழுந்தவள மிதிச்சாரு. என்னை அடிச்சவனுங்களே வாயப் பொளந்துக்கிட்டு நின்னானுங்க. ஏ.டி.வி.காரன் வண்டியப் போட்டுட்டு ஓடி வந்து கையப் புடிச்சான், அப்பா அவன் மூக்குலயே குத்துனாரு. நாலஞ்சு பேரு சேந்து அமுக்குனானுங்க. உதறிக்கிட்டு மறுபடியும் என் மேலயே வந்தாரு. கால் ஒடஞ்சு கெடந்தவன்தான் கெடந்த எடத்துலேர்ந்து, அங்கிள் விடுங்க, அந்தப் பொண்ணு செத்துரும்னு அழுதான்.

அப்ப திருப்பத்துலேர்ந்து அம்மா நடந்து வந்தாங்க. ஒரு கை கழுத்துல தொங்குது, இன்னொரு கையில சாக்கு. உதிரி பொறுக்கிட்டு வீட்டுக்குப் போற மாதிரி மெதுவா வந்து, அப்பா முன்னால நின்னாங்க.

"போதும்"னாங்க.

அப்பா கையிலேர்ந்து ஹெல்மெட் விழுந்துச்சு. மனுசன் அங்கயே குத்துக்கால் போட்டு உக்காந்துட்டாரு. சாக்குக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. நான் அவசரத்துல பாக்காத குறடு மரத்தடியிலயே கெடந்துச்சாம். ஒத்தக் கையால கம்பி முறுக்கப் பிரிச்சு, பல்லால கடிச்சு இழுத்திருக்காங்க. உதடு கிழிஞ்சிருந்துச்சு.

கால் ஒடஞ்சவன ஏ.டி.வி.யில தூக்கி வச்சு அந்தத் திருப்பத்து வழியாத்தான் கொண்டு போனானுங்க. ரெண்டு மரத்துலயும் கம்பி அழுந்துன தடம் இருந்துச்சு. எவனும் பாக்கல.

சாயங்காலம் கம்பி பழையபடி கட்டைக்கு வந்துருச்சு. காலையில அலசுன துணிய அம்மா ஒத்தக் கையால ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அப்பா பக்கத்துல தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. நெசமா அடிச்சீங்களா, இல்ல அவனுங்கள அந்தப் பக்கம் போகவிடாம நிறுத்தறதுக்கு அடிச்சீங்களான்னு நான் கேட்டேன். அம்மா கையில ஈரத் துணியோட அப்படியே நின்னுட்டாங்க.

"மொத அடி நெசம். அதுக்கப்பறம் உங்கம்மா மரத்துகிட்ட போறதப் பாத்துட்டேன்"னாரு.

எனக்கு இன்னிக்கும் எடது காது சரியா கேக்காது. அது மொத அடி விழுந்த காது. அந்த ஒரு அடிக்கு மட்டும் நான் அவர மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன்.

ரெண்டு மூணு வருசம் கழிச்சு கடலோரத்து உம்பாய்ல மீன் சாப்பிடப் போன கடையில அந்த மஞ்ச ஹெல்மெட்காரனப் பாத்தேன். நொண்டிக்கிட்டே வந்தான், கூடப் பொண்டாட்டி, தோளுல ஒரு கொழந்த. என்னை அடையாளம் கண்டுக்கிட்டு, இதுதான் என் காலை ஒடச்ச பைத்தியம்னு அவகிட்ட காட்டுனான். கோவமா இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அவதான் என்னை எரிச்சுடற மாதிரி பாத்தா. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எங்கம்மாவ அடிச்சுப் போட்டது நீயாடான்னு கேக்கலாம். கம்பியப் பத்திச் சொல்லலாம். அந்தக் கொழந்த ரெண்டு கையாலயும் அவன் கழுத்தக் கட்டிக்கிட்டு மூஞ்சியப் பொதச்சுக்கிச்சு. நான் அந்தக் கழுத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்.

கால் இன்னும் வலிக்குதான்னு மட்டும் கேட்டேன். மழை நாள்ல வலிக்கும்னான்.