நாய்க்குட்டிக்கு ஆள் பழக்கியது

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா கடையத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்தார். வந்த நாளே அது நெல்லுக்குதிருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. பால்காரர் குரல் கேட்டால் நடுங்கும். யாராவது குனிந்து தொட வந்தால் மூத்திரம் விட்டுவிடும்.

"நாலு ஆளுகளக் கண்டு பழகணும். இல்லன்னா பயத்துலயே கடிக்க ஆரம்பிச்சிரும்" என்றாள் அம்மா.

ஆள் பழக்க அவள் தேர்ந்த இடம் குற்றாலம். சாரல் காலம், கூட்டத்துக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாட்டுவண்டியில் அம்மாவும் நானும் போவோம், குட்டி என் மடியில்.

அருவிச் சத்தத்துக்கு அது முதலில் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. எண்ணெய் வழிய நடப்பவர்களையும் ஈரவேட்டியை உதறுகிறவர்களையும், ஏன், குரங்குகளைக்கூட மெல்ல மெல்லப் பொறுத்துக்கொண்டது. ஆனால் தானாக ஓடிப்போய் ஒட்டியது ஒரே ஒருவரிடம்தான். கோயில் பக்கத்துக் கடையருகே குடையோடு நிற்பார். வாழைக்காய் பஜ்ஜியைப் பிட்டு, ஊதி ஆறவைத்து அதற்குக் கொடுப்பார். எனக்கும் ஒன்று உண்டு. அம்மாவும் அவரும் அருவியைப் பார்த்தபடியே ஏதோ பேசிக்கொள்வார்கள். நாய் என்றால் உயிரை விடுகிற யாரோ ஒரு மனிதர் என்று எண்ணியிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவர் வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அதற்குள் புதியவர்களைத் தெருமுனைவரை விரட்டத் தொடங்கியிருந்த குட்டி, அவர் காலடியில் விழுந்து புரண்டது. கூடத்தில் அப்பா இருந்தார். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

எனக்கோ குட்டியைப் பழக்கிய பெருமை. "அப்பா, இவுகதான் குத்தாலத்துல எங்களுக்கு பஜ்ஜி வாங்கித் தருவாக" என்றேன்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்ட்டி. வண்டிய ஓட்டுனது நம்ம ஆளுதானே" என்றார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். "மழையில நனையுதீரே மச்சான். உள்ள வாரும்."

அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செங்கோட்டையில் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே அப்பாவோடு சண்டையாகி வரத்துப் போக்கு நின்றிருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார்.

அம்மா அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரும் அவளை வையவில்லையே என்று யோசித்தேன். குட்டி பழகிவிட்டது, இனிக் குற்றாலம் போக வேலையில்லை என்ற துக்கம்தான் போலும் என்று, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.