இடக்கண்ணுக்கு வளைத்த கட்டை

போன வாரம் சேலத்துக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என் இடது கண்ணைக் கறுப்பு அட்டையால் மூடிவிட்டு, "எழுத்துத் தெரியுதுங்களா சார்?" என்றாள். எழுத்தை விடுங்கள், அது மாட்டியிருந்த சுவரே இல்லை. அப்படித் தேடிக்கொண்டிருந்த நொடியில், மருந்து நெடிக்கு நடுவே எண்ணெய் போட்ட இரும்பின் வாசனை வந்தது. அது அப்பாவின் துப்பாக்கி வாசனை.

அப்பா லாரி ஓட்டியவர். நாமக்கல் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்து ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கியும் வைத்திருந்தார். வேலிக்காலில் கவிழ்த்த சட்டி அவருடைய ஒரு தோட்டாவுக்குத் தாங்காது. அவர் இறந்தபின் லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது, குறி வரவில்லை. நான் சுட்டதெல்லாம் சட்டிக்கு வலப்பக்கமாகவே போயிற்று. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, நான் குழல் குட்டை என்றேன். பக்கத்துக் காட்டுக்காரர் துப்பாக்கியின் குழல் என்னுடையதைவிட நான்கு விரற்கடை நீளம் என்று அளந்துவேறு வைத்திருந்தேன்.

அந்த அளவைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். "குழல் நீளமா இருந்தா ஆட்டம் கொறையுமுங்க, குறி பாக்கத் தோதா இருக்கும். ஆனா தோள்ல வைக்கற மரக்கட்டை ஒடம்புக்குப் பொருந்தலைன்னா நீளமாத் தப்புமுங்க, அவ்வளவுதான்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கி, பிறகு திறக்கச் சொன்னார். திறந்தால் குழல் என் வலது கண்ணுக்கு நேரே இல்லை. இடது கண்ணுக்கு முன்னால் நீண்டு கிடந்தது.

அவர் கட்டையைத் தடவிப் பார்த்தார். "இதை வேணும்னே வளைச்சிருக்காங்க. வலது தோள்ல வச்சு இடது கண்ணுல பாக்கறவருக்குச் செஞ்சதுங்க. உங்கப்பாவுக்கு வலது கண்ணு தெரியாதுங்களா?"

"நல்லாத் தெரியுமுங்க" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "லாரி லைசென்சப் புடுங்கிக்குவாங்கன்னு பயம் சாமி. பையன்கிட்டக்கூடச் சொல்லாதீன்னுட்டாரு."

பள்ளி விடுமுறைகளில் அவரோடு லாரியில் போயிருக்கிறேன். எதிரே வண்டி வந்தால் முகம் முழுவதையும் வலப்பக்கம் திருப்புவார். மிடுக்கு என்று நினைத்து நானும் கண்ணாடி முன் அப்படித் திருப்பிப் பழகியிருக்கிறேன், பைத்தியக்காரன். அவருக்கு அந்தப் பக்கம் வெறும் இருட்டு. அதற்குள் எத்தனை வண்டிகள் உரசிப் போயினவோ, நான் பக்கத்தில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

கட்டையை நிமிர்த்தித் தருவதாகப் பழுது பார்ப்பவர் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா, ஒரு தேர்தலுக்குக் கொடுத்தவன் பிறகு வாங்கவே போகவில்லை. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"கண்ணுல நீர் அழுத்தம். பரம்பரையா வரும், பிள்ளைங்களையும் பாத்துடுங்க" என்றார் போன வாரம் அந்த ஆஸ்பத்திரி டாக்டர். எத்தனை நாளாகத் தெரியவில்லை என்று கேட்டதற்கு, "இப்பத்தானுங்க" என்றேன். இரண்டு வருஷமாகிறது. அன்று காலைகூட மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரை நான்தான் ஓட்டி வந்திருந்தேன்.

வெளியே வந்து, "நீ ஓட்டு சாமி" என்று சாவியை அவளிடம் கொடுத்தேன். மறைக்காமல் எல்லாம் சொன்னேன். வந்ததே வந்தோம், உனக்கும் பார்த்துவிடலாம் என்றேன்.

"எனக்கு நல்லாத்தான தெரியுது. அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்கப்பா."

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறும்போது அவள் முகம் முழுவதையும் வலப்பக்கம் திருப்பினாள். பத்திரமாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த திருப்பத்திலும் திருப்பினாள்.

அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. இருந்திருந்தால் அவள் தோளில் வைத்து, கண்ணை மூடித் திறக்கச் சொல்லி, குழல் நேரே தெரிகிறதா என்று கேட்டிருப்பேன்.