பங்கு போட்ட மாத்திரை

சடையன் அடுப்பில் நொய்க்கஞ்சி துழாவிக்கொண்டிருந்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள அந்தக் குப்பத்தில் ஆம்பிளை அடுப்படியில் நிற்பது அக்கம்பக்கத்துக்கு நல்ல வேடிக்கை. “நைட்டி தச்சுத் தரட்டுமா அண்ணாத்த?” என்று ஜன்னல் வழியே கேட்டுவிட்டுப் போனாள் பக்கத்து வீட்டுக் காசியம்மாள். அவன் கரண்டியை ஓங்கிக் காட்டினான்.

அவன் மனைவி வச்சலா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

கேளம்பாக்கம் பிளாட்டுகளில் மீன் விற்கிறவள் அவள். பன்னிரண்டு வருஷ வயிற்றுவலி. மிளகாய்மேல் பழியைப் போட்டு, சோடா குடித்தே காலத்தை ஓட்டிவிட்டாள். ஒருநாள் ஷபானா வீட்டு வாசலில் சங்கரா மீனுக்குச் செதில் எடுக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஷபானா கிருமிகளை ஆராயும் லேபில் வேலை பார்ப்பவள். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புண் தெரிந்தது. கிள்ளியெடுத்த துணுக்கில் கிருமி இருந்தது.

“நிறைய பேர் வயித்துல இது சும்மா கிடக்கும்க்கா. உங்களுதுல கெட்ட ஜீனுங்க இருக்கு. அதை வச்சு ஊசி மாதிரி ஒண்ணு செஞ்சு, வயித்துச் சுவர்ல குத்தி விஷத்த எறக்குது. விட்டா புத்துநோய் வரைக்கும் போகலாம்” என்றாள் ஷபானா.

“திருக்க மீனு முள்ளு மாரியா? குத்துனா வெசம் ஏறுமே.”

“அதேதான்.”

அதற்குமேல் வச்சலாவுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

பதினான்கு நாள் மாத்திரை. ஏழாம் நாளே வலி போயிற்று. சடையனுக்கும் நெஞ்செரிச்சல். வீட்டுக்கு எது வந்தாலும் இரண்டாகப் பிரிப்பதுதான் அவர்கள் வழக்கம். மீதி மாத்திரையை அவனுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கிருமி அப்படியே இருந்தது, பழைய மருந்துக்கு மசியாததாக. ஷபானா தலையில் அடித்துக்கொண்டாள். “மாத்திரை என்ன பிரியாணிப் பொட்டலமாக்கா, பங்கு போட?”

இரண்டாவது தடவை வேறு மருந்து. வாயெல்லாம் கசப்பு, ஓயாத குமட்டல். பதினான்கு நாளும் இருவேளை கஞ்சி வைத்து, அவள் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான் சடையன். “நாக்கத் தூக்கு” என்று வேறு சோதனை. மாத்திரை முடிந்து ஆறு வாரமாகியும் கஞ்சியை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

“யோவ், பூச்சி செத்துப்போச்சுய்யா. சுத்தமா இல்லியாம்” என்றாள் வச்சலா.

கரண்டி நின்றது. “மெய்யாலுமா?”

“தோ பாரு சீட்டு. அந்தப் பொண்ணு என்னக் கட்டிப்புடிச்சிகினு குதிக்குது, மீன் கவிச்சின்னுகூடப் பாக்கல. அதுவும் நீயும் இல்லாங்காட்டி நான் போய்ச் சேந்துருப்பேன்.”

“ஆறிடப்போவுது, குடி.”

குடித்தாள். உப்பு தூக்கல். மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

“ஒரே வூட்டுல கீறவங்களுக்குத் தொத்துமாம். உனக்கும் நெஞ்சு எரியுதுல்ல? நாளிக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா.”

“கொழா வுடுவாங்களா?”

“வுட்டா இன்னா? நா முழுங்கல? பொயல்ல படகு ஓட்ன ஆளு, கொழாவுக்குப் பயந்துகினு... வர்றியா, இல்லியா?”

சடையன் அவள் குடித்துவைத்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கழுவுகிற சாக்கில் வெளியே நழுவினான்.