வீட்டுக்கு நாற்பது பவுண்டு

தாமரைச்செல்விக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கும் எங்கள் கேட்டியில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் நாங்கள் அவளை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம். ஊரிலிருந்து வரும் மாமியாரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வர வேண்டுமா, செல்வி. பிறந்த நாளுக்கு ஐம்பது பேருக்குச் சாம்பார் சாதம் வேண்டுமா, செல்வி. நான் மட்டும் என்ன யோக்கியமா? என் பெயர் விசாலாக்ஷி, மெட்ராஸ்காரி, அவள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு. பதினொரு வருஷமாக அவளிடம் வேலை வாங்கியவர்கள் பட்டியல் போட்டால் என் பெயர்தான் முதலில் வரும்.

செல்வி கோபிச்செட்டிபாளையத்துப் பெண். ஜெயபிரகாஷைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தபோது வேலைக்குப் போக முடியாத விசா. எட்டு வருஷம் வீட்டோடு இருந்தாள். அந்த எட்டு வருஷத்தில் தனக்கென்று செய்துகொண்டது கார் ஓட்டப் பழகியது ஒன்றுதான் என்பாள். முதலில் ஒரு சர்ச்சின் காலி பார்க்கிங்கில் வட்டமடித்தாள். ஃப்ரீவேயில் ஏற இரண்டு வருஷம் பயந்தாள். பயம் போன பிறகு ஃப்ரீவேயை விட்டு இறங்க மனசு வரவில்லை. கிரீன் கார்டு வந்ததும் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் சேர்ந்தாள். அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எதிரில் நின்று குறை சொல்லத் தயங்குகிறவளுக்கு அது எப்படிப் பொருந்தியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பையன் ஆஸ்டினுக்குக் காலேஜ் போன வருஷம், தன் போனஸில் நடுத்தர அளவில் ஒரு பிக்கப் டிரக் வாங்கினாள். ஆறு மாதம் கழித்து ஒரு டிராவல் ட்ரெய்லர். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும்; டிரக்கின் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எதுக்குடி இது என்று கேட்டேன்.

“ஹோட்டல்ல தங்குனா காலையில யாரோ வீட்ல முழிச்சாப்பல இருக்குதுங்க்கா. ஏரிக்கரையா இருந்தாலும் என்ற அடுப்புல நான் காபி வெச்சுக் குடிக்கோணும்” என்றாள்.

அவள் வாய்விட்டு ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த வருஷம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நாங்கள் ஒன்பது குடும்பம் ஒரு ஸ்டேட் பார்க்கில் இடம் பிடித்திருந்தோம். ட்ரெய்லர் வந்த சேதி தெரிந்ததும் எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: “செல்வி ட்ரெய்லர்ல இடம் இருக்குமே.” ஆளாளுக்கு ‘ஒரு சின்னப் பைதான்’ என்று கொண்டு வந்து வைத்தார்கள். தண்ணீர் பாட்டில் பன்னிரண்டு பெட்டி. இரும்பு தோசைக்கல் மூன்று. அரிசி மூட்டை, இட்லிப் பானை, கரி, மடக்கு நாற்காலிகள். நான் என் வெட் கிரைண்டரை அனுப்பினேன். பார்க் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று யாரோ சொல்ல, ட்ரெய்லரின் தண்ணீர்த் தொட்டியையும் வீட்டிலேயே ரொப்பினார்கள். சமையலறை ட்ரெய்லரின் பின்பக்கம், கதவும் அங்கேதான். ஏறியவர்கள் எல்லோரும் ஏறின இடத்திலேயே இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார்கள். செல்வி சிரித்துக்கொண்டே நின்றாள்.

போகிற வழியில் சீலி என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி செல்வியின் டிரக்கை முந்திப் போயிருக்கிறது. அந்தக் காற்றில் ட்ரெய்லரின் வால் இடது பக்கம் போய், வலது பக்கம் வந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அகலமாக ஆடத் தொடங்கி, கடைசியில் டிரக்கையும் சேர்த்து அலைக்கழித்தது. பக்கத்தில் இருந்த ஜெயபிரகாஷ், பிரேக் போடு, பிரேக் போடு என்று கத்தினார். செல்வி டிரக்கின் பிரேக்கைத் தொடவில்லை. தொட்டிருந்தால் பின்னால் வருகிற பாரம் டிரக்கை ஒரேயடியாகத் திருப்பிப் போட்டிருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாள், ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கிற சின்ன லீவரை ஒரு கையால் அழுத்தினாள். வண்டி மெல்ல அடங்கி ஓரமாக நின்றது. ஜெயபிரகாஷ் இறங்கிப் போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டாராம்.

அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தால் உடனே காரியத்தில் இறங்கிவிடுகிறவர். மறுநாளே ஹூஸ்டன் தமிழ் குரூப்பில் ‘ட்ரெய்லர் விற்பனைக்கு’ என்று போட்டுவிட்டார். ஷுகர் லேண்டிலிருந்து மகாதேவன் என்பவர் பொங்கல் முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

“செல்வி, உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன் சொல்லு. பொங்கலுக்கு எல்லாரும் போற ட்ரிப் மட்டும் போலாம். ஒரு தடவ ஆடுச்சுன்னாலும் மகாதேவனுக்குக் குடுத்துருவேன். ஆடலீன்னா உன்ற இஷ்டம்” என்றார்.

சரிங்க என்றாள் செல்வி. அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதானே.

ஆனால் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் மெசேஜ் வந்தது. தேங்க்ஸ்கிவிங்குக்குக் கொண்டு வந்த அதே சாமானை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டுமாம். செல்விக்கு அதிர்ச்சியில் ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டு போனோம். தப்பு எங்கே என்று தெரிய வேண்டுமானால் முதலில் அந்தத் தப்பை மறுபடி அப்படியே செய்து பார்க்க வேண்டும். அது அவள் தொழில். ஒவ்வொரு சாமானையும் ஆள் எடை பார்க்கும் தராசில் வைத்து எடை எழுதிக்கொண்டாள். தொட்டியை ரொப்பினாள். எல்லாவற்றையும் அன்றைக்கு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ட்ரெய்லரின் மூக்குக்குக் கீழே, கொக்கி மாட்டுகிற இடத்தில், ஒரு சின்னத் தராசை நிறுத்தினாள். இருநூற்றுப் பத்து பவுண்டு காட்டியது.

“மொத்தம் நாலாயிரத்து எண்ணூறுங்க. நூறு பவுண்டுக்குப் பத்துலருந்து பதினஞ்சாச்சும் கொக்கி மேல உக்காரோணும். நமக்கு அஞ்சுகூட இல்ல” என்றாள்.

ஜெயபிரகாஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கு அவரை அசைக்கவில்லை.

“பின்பாரம் ஆயிப்போச்சுங்க” என்றாள் செல்வி.

கட்டியிருந்த கை இறங்கியது. மாட்டு வண்டியில் மூட்டையெல்லாம் பின்னால் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி சொன்ன பேச்சு கேட்காது என்பது கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், பின்கதவைப் பார்த்தார், எங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

டிரக்கிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் டிரைவர் கதவு இடுக்கில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் ஒட்டி வைக்கிறார்கள். கொக்கியின் மேல் உட்காரும் பாரம், உள்ளே உட்காரும் ஆட்கள், பின்னால் போடும் பெட்டி எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். செல்வி அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. பொங்கல் ட்ரிப்புக்கு ட்ரெய்லரில் வீட்டுக்கு நாற்பது பவுண்டு. எடை போட்டுத்தான் ஏற்றப்படும். நடுவில் நாலு இடத்தில் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள். அதை டைப் பண்ண ஒரு மணி நேரம் எடுத்தாள் என்று ஜெயபிரகாஷ் பிறகு சொன்னார். அரை நாள் கழித்துக் குரூப்பில் ஒருவர், ‘ஃபிளைட்லகூட ஐம்பது குடுக்கறான்’ என்று போட்டார்.

நான் சட்டத்தை மதிக்காத பிறவி. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நேரே போனேன். முப்பத்தொரு பவுண்டு. என் இன்னொரு பை இருபத்தாறு.

“மாவு அரைச்சே கொண்டாந்துருங்க்கா” என்றாள்.

“மெதுவடைக்கு அப்பப்ப அரைக்கணும்டி. முந்தின நாள் மாவுல வடை சுட்டா அது வடையா?”

அவள் தரையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. எப்படியும் இறங்கி வந்துவிடுவாள் என்று நான் காத்திருந்தேன்.

“முடியாதுங்க்கா” என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டது நான்தான். இன்றைக்கு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிரைண்டரைச் சுமந்துகொண்டு தெருவைக் கடந்து வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் அந்தச் சமயம் மெட்ராஸில் இருந்தார், பார்க்குக்குப் போக எனக்கு வேறு வண்டி கிடையாது. மூன்றாம் நாள் நானே போய் அழைப்பு மணியை அடித்தேன்.

“வாங்க்கா. பின் சீட்டு உங்களுக்குத்தான்” என்று சிரித்துவிட்டு, தராசைக் காட்டினாள். ஆட்களும் கணக்கில் உண்டாம். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. செல்வி எழுதிக்கொண்டாள், நோட்டை உடனே மூடிவிட்டாள். அந்த நாகரிகம் அவளுக்கு உண்டு.

பொங்கலை ஒட்டி வந்த சனிக்கிழமை காலை. அரிசியும் பெரிய பாத்திரங்களும் ட்ரெய்லரின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரையோடு. ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் வாங்கிய கரும்புக்கட்டு நடுவில் நீளவாக்கில். பின்பக்கம் பாய், தலையணை மட்டும். தொட்டி காலி, பார்க்கில் பிடித்துக்கொள்ளலாம் என்றாள். எல்லாச் சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்தாள். புரூக்‌ஷயரில் லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஏற்றி நிறுத்தினாள். ட்ரெய்லர் நாலாயிரத்து முந்நூறு, கொக்கியின் மேல் ஐநூற்று நாற்பது. நோட்டில் ஒரு டிக் போட்டாள்.

ஃப்ரீவேயில் அறுபதைத் தாண்டவில்லை. முந்திப் போகிறவர்கள் போகட்டும் என்று வலது லேனிலேயே வந்தாள். ஜெயபிரகாஷ் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தபடி, கண்ணாடியில் ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். சீலி வந்தது. போனது. பின்னாலிருந்து ஒரு பதினெட்டுச் சக்கர லாரி வந்து எங்களை ஒட்டி முந்தியது. நான் முருகா என்றேன். டிரக் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ட்ரெய்லர் கோடு போட்ட மாதிரி பின்னால் வந்தது.

அதற்குப் பிறகு இன்னும் நாலு லாரி முந்தின. செல்வி மெல்லிய குரலில் ஏதோ பாட ஆரம்பித்திருந்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, நானும் சேர்ந்துகொண்டேன்.

கொலம்பஸ் தாண்டியதும் டிரக்கின் ஸ்பீக்கரில் ஜெயபிரகாஷின் போன் அடித்தது. திரையில் மகாதேவன் என்று இருந்தது. செல்வியின் பாட்டு நின்றது. அடித்துக்கொண்டே இருந்தது, ஜெயபிரகாஷ் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று எட்டிப் பார்த்தேன். கைப்பிடியை எப்போதோ விட்டுவிட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். செல்வி அவர் தோளைத் தட்டினாள்.

அவர் விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டனை அமுக்கினார்.

“சார், மகாதேவன் பேசறேன். திங்கக்கிழமை வந்து ட்ரெய்லரைப் பார்க்கலாமா?”

ஜெயபிரகாஷ் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். ஒரு கொட்டாவி விட்டார்.

“சாரிங்க. அது குடுக்கறதா இல்லீங்க.”

“ஏன் சார், வேற பார்ட்டி வந்துட்டாங்களா?”

“இல்லீங்க. வண்டிக்குச் சொந்தக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

செல்வி சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, தூங்கிட்டீங்களா?”

“ஆமா, அசந்துட்டேன்.”

“பதினேழு வருசமா உங்களைப் பக்கத்துல வெச்சு ஓட்டறேன். ஒரு நாளும் நீங்க தூங்குனதில்ல.”

செல்விக்குக் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன, எடுக்க மாட்டாள். நான் பின்னாலிருந்து குனிந்து என் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். ஜெயபிரகாஷ் சீட்டைச் சாய்த்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினார். சான் அன்டோனியோ வரும்வரை எழுந்திருக்கவே இல்லை.