மேகத்துக்குத் திருப்பிய சாவி

ஓய்வு பெற்ற பிறகும் என்னை அந்த எரிவாயு மின்நிலையத்துக்கு ஆலோசகராகக் கூப்பிட்டார்கள். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, உப்புக்காற்றில் தகரமெல்லாம் இற்றுப்போன இடம். ஒரே ஒரு டர்பைன். அதைச் சென்னையில் ஒரு கணினியோடு இணைத்திருந்தார்கள். மின்சாரத்தின் அலைவெண் ஐம்பதிலிருந்து சற்று இறங்கினாலும் ஏறினாலும், சில விநாடிகளுக்கு ஒருமுறை 'ஏற்று', 'இறக்கு' என்று கணினியே ஆணை அனுப்பும். மனிதக் கை படாமல் டர்பைன் அதைக் கேட்டு நடக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் தேறாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். எனக்குப் பென்ஷன் உண்டு. பகல் ஷிப்ட் ஆபரேட்டர் இடுப்பு ஒடிந்து சவூதியிலிருந்து திரும்பியவர். இந்த ஒப்பந்த வேலை போனால் மறுபடி அங்கேதான்.

எதையும் எண்ணாமல் என்னால் உட்கார முடியாது. திரையில் வந்த ஆணைகளை எண்ணினேன். மூன்றாம் நாள் கணக்கு உதைத்தது. பாதி ஆணைகளுக்கு டர்பைன் அசையவே இல்லை.

காரணம் மேகம். கடலிலிருந்து கிளம்பும் மேகம் எங்களைத் தாண்டித்தான் மேற்கே சூரியத் தகடுகள் விரிந்த பொட்டலுக்குப் போகும். அங்கே நிழல் விழுந்தால் உற்பத்தி சரியும், எங்கள் மேல் ஆணைகள் பொழியும். ஆபரேட்டர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த சாவியை 'லோக்கல்' பக்கம் திருப்பிவிடுவார். ஆணை டர்பைனுக்குப் போகாது. மேகம் கலைந்ததும் பழையபடி திருப்புவார்.

"என்ன பாய் இது?"

"மேகம் தேவிபட்டினத்தத் தாண்டிருச்சு சார். இனி ஏறு, எறங்குன்னு உசுர வாங்குவாய்ங்க. கெழட்டு மிசினு. உங்கள மாடிப்படியில இப்படி ஏத்தி எறக்குனா தாங்குவீகளா?"

"என்னை ஏன் இழுக்கறீங்க? சாவி எந்தப் பக்கம் இருக்குன்னு சென்னைக்குச் சொல்ற கம்பிய உப்பு தின்னுருச்சு. மிஷின் கேக்கலைன்னுதான் அங்க பதிவாகும்."

"பதியட்டும். உசுரோட இருக்கும்ல?"

அன்றே சென்னைக்குப் பேசினேன். பதிவுகளைக் கணினியில் போட்டு அளவுகளைச் சீர்செய்துவிட்டதாக அங்கிருந்த இளம் பொறியாளர் சொன்னார். "உங்க யூனிட் ரொம்ப மந்தம் சார். அதான் அதுக்கு மட்டும் ஆணையோட அளவைக் கூட்டிட்டோம்."

மிஷின் மந்தமில்லை, சாவிதான் காரணம் என்று சொன்னேன். யார் திருப்பியது என்பதை மட்டும் சொல்லவில்லை. இறுதி ஓட்டம் மறுநாள், இனி எதையும் மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஆய்வாளர்கள் சுற்றி நின்றார்கள். சாவியைத் தொட வழியில்லை. மேகம் வந்தது. மந்தமான மிஷினுக்கென்று கூட்டிய ஆணை, மந்தமில்லாத மிஷின் மேல் இறங்கியது. டர்பைன் எகிறியது. கணினி கீழே இழுத்தது. அது தாழ்ந்ததும் மறுபடி மேலே. 'மிஷின் அலையுது' என்போம் நாங்கள். ஏழாவது அலைச்சலில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது உள்ளே இறக்கைகளில் விரிசல்.

மூடும் உத்தரவு வந்த அன்று ஆபரேட்டர் என்னிடம் கேட்டார்.

"சார், நான் சாவியத் தொடாம இருந்திருந்தா?"

"பழைய மிஷின் பாய். எப்படியும் நின்னிருக்கும்."

"எதையும் எண்ணித்தான பேசுவீக. இத எண்ணாமச் சொல்றீக."

அடுத்த மாதம் அவர் சவூதி விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு மதுரை போய் வந்தார். இடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம்.