வருகை வழி எழுதாத விடைத்தாள்

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளையில் நடந்தது இது. விமானங்களின் பயணத் திட்டம் எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி படிப்பித்துக்கொண்டிருந்த பதுளைக்கு வந்திருந்தேன். நகரில் ஒரு தனியார் வகுப்பில், அதே வேலைக்கான பரீட்சைத் தாள்களைத் திருத்தித் தரச் சொன்னார்கள். முதலாவதாக வருபவருக்குக் கொழும்பில் வேலை. ஒரேயொரு இடம்தான்.

ஒரு வெளிநாட்டு விமான நிலையத்துக்குப் போகும் பாதையை எழுத வேண்டும் என்பது கேள்வி. பாதையின் முடிவில், ஓடுபாதையை நெருங்கும் வருகை வழியின் பெயரையும் சேர்ப்பது முப்பது வருடமாக என் பழக்கம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த ஒரு பெண் அதை எழுதவில்லை. அந்த வழி தொடங்கும் இடத்தோடு நிறுத்தியிருந்தாள். சிவப்பு மையால் வெட்டிப் புள்ளியைக் குறைத்தேன். அதனால் இரண்டாமிடத்துக்கு இறங்கினாள்.

தாளோடு நேரே என்னிடம் வந்தாள்.

"காத்து மாறினா ஓடுபாதை மாறும், வர்ற வழியும் மாறுமுங்க சேர். பொறப்படுறதுக்கு முன்னாடியே எப்படிங்க எழுதுறது? கிட்டப் போனதும் கீழருந்து சொல்லுவாங்கதானே?"

"காத்தைப் பற்றிக் கொழுந்து மலையிலை போய்க் கதையும் பிள்ளை," என்றேன்.

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"விதிப் புத்தகத்தப் பாருங்க சேர்," என்று மட்டும் சொல்லி, தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு நாள் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தேன். அந்த விமான நிலையத்துக்கு வருகை வழியை எழுதவே கூடாது என்று விதியில் தெளிவாக இருந்தது. என் பழக்கத்தைத்தான் விதி என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், கூடையோடு வரிசையில் நின்றாள். எல்லோர் முன்னிலையிலும் பிழை என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டுங்க. புள்ளியத் திருத்தி எழுதிக் குடுங்க," என்றாள்.

பின்னால் நின்ற பெண், "சேர் எழுதி முடிக்கிற வரைக்கும் ஒன் கூடைய அவரு தலையில மாட்டு புள்ள," என்றாள்.

கொண்டு போயிருந்த அவள் தாளைச் சுவரில் வைத்து அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஓர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்றார்கள் வகுப்புக்காரர்கள். நான் விடவில்லை, கொழும்புக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். அவளும் விடவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது. அதுவரை அவள் கொழுந்து பறித்தாள்.

புள்ளியைத் திருத்திவிட்டேன், ஆனால் அவள் கேள்வி கேட்டு நின்றபோது நான் சிரித்த சிரிப்பு, இந்த வயதிலும் என்னைக் குனிய வைக்கிறது.